லியோந்தீனையும் சேர்த்துக்கொள்ளுங்கள்
மௌனப்பட நகைச்சுவை நடிகைகள் பற்றிய இந்தக் கட்டுரையில், அமெரிக்க நடிகை மேபல் நார்மண்டுக்கு முன்னால் திரையில் சிரிக்கவைத்த பெண்ணே கிடையாது என்று வருகிறதே, அதை ஏற்க முடியவில்லை. மேபல் பெரிய ஆள்தான், 1914-இல் சாப்ளினையே நடிக்கவைத்துப் படம் இயக்கியவர். ஆனால் அவர் கீஸ்டோன் என்ற நகைச்சுவைப் பட நிறுவனத்துக்கு வந்தது 1912-இல். அதற்கு முன்பே பிரான்சில் பாத்தே பட நிறுவனம் லியோந்தீன் என்ற குறும்புக்காரிப் பாத்திரத்தை வைத்து வரிசையாகப் படம் எடுத்துவிட்டது. ரோசலி என்ற இன்னொரு நகைச்சுவைப் பாத்திரமாக வந்த சாரா துயாமேலும் அதே காலம்தான். 2022-இல் இந்த மாதிரி 99 மௌனப் படங்களைத் திரட்டி ஒரு தொகுப்பு வந்தது. லியோந்தீன் படம் ஒன்றில் அவளுக்கு ஒரு பொம்மைப் படகு கிடைக்கும். அதை மிதக்கவிட வீட்டையே வெள்ளக்காடாக்கிவிடுவாள். புதுச்சேரியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இதைப் போட்டபோது, முறுக்கு பிழிந்துகொண்டிருந்த ஆயா மாவு ஒட்டிய கையைத் தூக்கிப் பிடித்தபடியே எழுந்து வந்து நின்றுவிட்டார். பிரெஞ்சு ஒரு சொல் தெரியாது. "அடிப்பாவி, வூடெல்லாம் தண்ணி ஆக்கிட்டாளே!" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். அப்புறம் இன்னொரு தடவை போடச் சொன்னார். மேலே பின்னூட்டத்தில் ஒரு நண்பர், இந்த நடிகைகளுக்குத் திறமை இருந்திருந்தால் யாரும் மறந்திருக்க மாட்டார்கள் என்று எழுதியிருக்கிறார். இல்லைங்க. லியோந்தீனாக நடித்தவர் யார் என்பதே இன்றுவரை உறுதியாகத் தெரியாது. அந்தக் காலத்தில் பெரும்பாலும் நடிகர் பெயரைத் திரையில் போடுவதில்லை. பெயரே போடாதவரை எப்படி நினைவில் வைப்பார்கள்? கட்டுரையாளர் அடுத்த பகுதி எழுதினால் லியோந்தீனுக்கு ஒரு பத்தியாவது ஒதுக்க வேண்டும்.