பையை மட்டும் குறை சொன்னால் எப்படி?
புத்தகப் பை பாரத்தால்தான் பிள்ளைகளுக்கு முதுகெலும்பு பக்கவாட்டில் வளைகிறது என்று பள்ளிப் பை பற்றி வந்த கட்டுரையில் எழுதியிருப்பது சரியில்லை. பாரம் முதுகுவலி தரும், உண்மைதான். உடல் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் பை கூடாது என்று 2020 பள்ளிப் பைக் கொள்கையே சொல்கிறது. ஆனால் ஸ்கோலியோசிஸ் எனப்படும் இந்தப் பக்கவாட்டு வளைவு பெரும்பாலும் இன்ன காரணம் என்று தெரியாமல், 10 வயதுக்கு மேல் மளமளவென வளரும் பருவத்தில் வருவது. பெண் பிள்ளைகளுக்கு வளைவு கூடிப்போகும் வாய்ப்பு அதிகம். கால்களைச் சேர்த்து, முழங்கால் மடங்காமல் குனியச் சொல்லி வெறும் முதுகைப் பின்னாலிருந்து பாருங்கள். ஒரு பக்க விலா மேடாகத் தெரிந்தால் எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள்.

அப்புறம், அதே கட்டுரைப்படி பிள்ளைகள் தினமும் ஒரு மணி நேரம் ஓடியாட வேண்டுமாம். எங்கள் வேளச்சேரி ஃபிளாட்டில் பார்க்கிங்கில் பந்து உருண்டாலே அசோசியேஷன் நோட்டீஸ் ஒட்டிவிடுகிறது!