விழுந்தது மட்டும்தான் ஞாபகமா?

சாவு வீட்டில் வந்து "ஒரு ஜோக் சொல்லுங்க மாமா" என்று கேட்கிறவனை என்ன செய்வது? என் கூட்டாளி பெட்டிக்குள் கிடக்கிறான், நான் அழுதுகொண்டு நிற்கிறேன். இவன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு "அந்தக் குடிகார நடை ஒருக்கா நடந்து காட்டுங்களேன்" என்கிறான். எங்கள் இலங்கை மலையகத்து ஹட்டன் பஸ் ஸ்டாண்டிலும் இதுதான், ஆஸ்பத்திரி கிளினிக் வரிசையிலும் இதுதான். மேடையில் சிரிக்க வைத்தவனுக்கு நோவு வராதா, துக்கம் வராதா?

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது அந்த வீடியோ.

எங்கள் பழைய திருவிழா நாடகம் ஒன்றை யாரோ கேசட்டிலிருந்து எடுத்து, நான் தள்ளாடி விழுகிற இடத்தை மட்டும் வெட்டிப் போட்டிருக்கிறார்கள். மேலே "தோட்டத்தான் குடிச்சா இப்படித்தான்" என்று எழுத்து வேறு. தோட்டத்தான் என்றால் தேயிலைத் தோட்டத்து ஆட்களான நாங்கள்தான். என் பேத்தி கொழும்பில் கடையொன்றில் வேலை செய்கிறாள். அவளிடமே அதைக் காட்டி "உங்க ஆக்கள் எல்லாம் இப்படியா?" என்று கேட்டிருக்கிறார்கள். வயிறு எரிகிறது.

அது என்ன நாடகம் என்று வெட்டியவனுக்குத் தெரியுமா? 1992இல் அரசாங்கம் தோட்டங்களைக் கம்பெனிகளிடம் ஒப்படைத்த பிறகு போட்டது. பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கிற இடத்தில் நடக்கிற கதை. நிறுவையைக் கணக்கெழுதுகிற கணக்கப்பிள்ளை ஈரத்துக்கு ஒரு கிலோ, சாக்குக்கு ஒரு கிலோ என்று கழித்துக்கொண்டே போவார். கடைசியில் நாள் முழுக்க மலையேறி இறங்கிய அக்காவுக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான், போடுவார். எதிர்த்துக் கேட்க யாருக்கும் வாய் வராது. குடிகாரனுக்குத்தான் வரும். அதற்காகத்தான் அந்த வேஷம்! எங்கள் தோட்டங்களில் ஆடுகிற காமன் கூத்தில் கோமாளி கட்டிப் படித்த வித்தை அது. கோமாளி சொன்னால் தோட்டத்தை நடத்துகிற துரையும் கேட்டுத்தான் ஆக வேண்டும். "ஐயா, சாக்கு இந்தக் கனம் கனக்குதே, கொழுந்தை விட்டுட்டு சாக்கையே தேயிலையாக்கலாமே!" என்று நான் கேட்டபோது, முன்வரிசையில் இருந்த நிஜக் கணக்கப்பிள்ளை எழுந்து போய்விட்டார். கொழுந்தெடுக்கிற பெண்கள் சிரித்தார்கள், அழுதார்கள், கை வலிக்கத் தட்டினார்கள். எனக்குப் பேரும் புகழும் வந்தது அந்தக் கேள்வியால். விழுந்ததால் இல்லை.

பழங்கதை என்று நினைக்காதீர்கள். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானி வந்ததும், பல தோட்டங்களில் ஒரு நாளைக்கு எடுக்க வேண்டிய கொழுந்துக் கிலோவை ஏற்றிவிட்டார்கள். கிலோ குறைந்தால் இன்றைக்கும் அரைப்பேர்தான். அப்படியிருக்க, அந்தத் தராசுக் காட்சி ஏன் யார் போனிலும் இல்லை? குடிகாரனைக் காட்டினால் எங்கள் சனத்தைப் பார்த்துச் சிரிக்கலாம். தராசைக் காட்டினால் கம்பெனியைப் பார்த்துக் கேட்க வேண்டிவரும்.

தம்பிமாரே, முழு நாடகமும் உங்கள் கையில்தான் இருக்கிறது. முழுசாகப் போடுங்கள். மனசில்லையென்றால் அந்தத் துண்டை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.