ஆயர்களுக்குப் பாடம் எடுத்த அருட்சகோதரி

பள்ளி நடத்தும் அருட்சகோதரிகளைப் பற்றிப் பேசும்போது நாம் ஒரு பாகப்பிரிவினை செய்துவிடுகிறோம். விடியற்காலையில் சிற்றாலயத்தில் முழந்தாளிட்டிருப்பது அவர்களுடைய ஆன்மிகம் என்றும், ஒன்பது மணிக்கு மேல் கரும்பலகையின் முன் நிற்பது அவர்களுடைய பணி என்றும் இரண்டாக வகுத்துக்கொண்டு, முதலாவதற்கு வணக்கமும் இரண்டாவதற்கு நன்றியும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். இந்தப் பிரிவினையை என்னால் ஏற்க முடியவில்லை. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்த சிஸ்டர் தியா போமனின் வாழ்க்கையைப் படிக்கப் படிக்க, எழுத்தறிவித்தலே செபமாக இருக்க முடியும் என்ற எண்ணம் எனக்குள் உறுதிப்பட்டுக்கொண்டே வந்திருக்கிறது.

1937 டிசம்பர் 29 அன்று பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் பெர்த்தா; தியா என்பது பின்னாளில் துறவறத்தில் ஏற்ற பெயர். தாத்தா அடிமையாகப் பிறந்தவர். தந்தை மருத்துவர், வெள்ளையர் மருத்துவமனைகளின் கதவு திறக்காத காலத்தில் கேன்டன் என்ற சிற்றூரின் கறுப்பின மக்களுக்கு வைத்தியம் பார்த்தவர். தாய் ஆசிரியை. பிள்ளை பிறந்தபோதே பெற்றோர் நடுவயதைத் தொட்டிருந்தார்கள். அதனாலும், ஊரின் முதியவர்கள் சூழ வளர்ந்ததாலும், தம்மை ‘முதியவர்களின் பிள்ளை’ என்றே தியா பின்னாளில் சொல்லிக்கொண்டார். அந்த முதியவர்களில் பலருக்கு எழுத்து தெரியாது. ஆனால் விவிலியத்தின் மோசேயும் தானியேலும் யோனாவும் அவர்களுக்குப் பாட்டாகத் தெரியும்; பருத்திக் காட்டில் அடிமைகளாக உழைத்த முன்னோர் பாடிய பாடல்கள் அவர்கள் வாயில் இருந்தன. மறைக்கல்விப் புத்தகம் எதுவும் கைக்கு வருமுன்பே, துன்பத்தின் நடுவில் கடவுளை எப்படிக் கூப்பிடுவது என்பதை அந்தக் குழந்தை கற்றுவிட்டது. அவருடைய ஆன்மிகத்தின் வேர் கன்னியர் மடத்தில் இல்லை, கேன்டன் தெருவில் இருக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

மெதடிஸ்ட் குடும்பத்தில் பிறந்த அவர், ஒன்பது வயதில் தாமே விரும்பிக் கத்தோலிக்கரானார். ஊரில் கத்தோலிக்கர்கள் ஏழைகளிடம் நடந்துகொண்ட விதம் அவரை ஈர்த்திருந்தது. 1948இல் வடக்கே விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள லா கிராஸ் நகரிலிருந்து பிரான்சிஸ்கன் அருட்சகோதரிகள் கேன்டனுக்கு வந்து, குழந்தை இயேசு பெயரால் கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளியைத் தொடங்கினார்கள். அதற்குமுன் அரசுப் பள்ளியில் ஐந்து ஆண்டுகள் படித்திருந்தும் பெர்த்தாவுக்குச் சரியாக வாசிக்கத் தெரியவில்லை. அதைக் குழந்தையின் குறையாகப் பார்க்கக்கூடாது. கறுப்பினப் பிள்ளைகளுக்கென ஒதுக்கப்பட்ட பள்ளிகளுக்கு மிசிசிப்பி கொடுத்த பணமும் கவனமும் அவ்வளவுதான். ஆசிரியையான தாய் மகளை அங்கிருந்து எடுத்து அருட்சகோதரிகளிடம் சேர்த்தார். பிள்ளை வாசிக்கத் தொடங்கினாள். ஓர் இறையழைத்தல் எங்கே பிறக்கிறது என்று கேட்டால், காட்சிகளையும் கனவுகளையும் தேடிப் போகிறவர்கள் இந்த வகுப்பறையையும் பார்க்க வேண்டும். ஒரு வெள்ளைக்காரப் பெண் தன் பக்கத்தில் உட்கார்ந்து, தன்னால் முடியும் என்று நம்பி, எழுத்தெழுத்தாகக் கற்றுக்கொடுத்ததை அந்தச் சிறுமி கண்டாள். தானும் அப்படி ஆக வேண்டும் என்று விரும்பினாள்.

பதினைந்து வயதில், 1953இல், லா கிராஸ் மடத்துக்குப் புறப்பட்டார். ஒரே மகளை அனுப்பப் பெற்றோருக்கு மனமில்லை. அவர் சாப்பிடாமல் அடம்பிடித்துத்தான் சம்மதம் வாங்கினார். அங்கே உன்னை அவர்களுக்குப் பிடிக்காது என்று தந்தை எச்சரித்தபோது, பிடிக்கும்படி செய்துவிடுவேன் என்று மகள் பதில் சொன்னதாக அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். ஜெர்மானிய மரபில் வேரூன்றிய அந்தச் சபையில், 1878 ஆகஸ்ட் 1 முதல் இரவும் பகலும் இடைவிடாமல் நற்கருணை ஆராதனை, அதாவது திருப்பலி அப்பத்தில் இயேசுவை வணங்கும் செபம், நடந்துவந்தது. சகோதரிகள் முறைவைத்து, ஒருவருக்குப்பின் ஒருவராக, யாரும் இல்லாத நேரமே இல்லாதபடி அங்கே முழந்தாளிட்டிருந்தார்கள். அந்தப் பெரிய வீட்டில் கறுப்பின உறுப்பினர் அவர் ஒருவர் மட்டுமே.

இந்த இடத்தில் நான் யாரையும் பழிக்க விரும்பவில்லை, மழுப்பவும் விரும்பவில்லை. அந்தச் சகோதரிகள் அவரை நேசித்தார்கள். காசநோய் கண்டு அவர் நீண்ட காலம் மருத்துவ இல்லத்தில் கிடந்தபோதும் கைவிடவில்லை. ஆயினும் ‘நல்ல துறவி’ என்பதற்கு அவர்கள் வைத்திருந்த அளவுகோல் முழுவதும் அவர்களுடைய சொந்த மரபிலிருந்து எடுக்கப்பட்டது. அடங்கிய குரல், அளவான அசைவு, இலத்தீன் இசை, வடக்கத்தி உணவு என்று எல்லாவற்றுக்கும் அவர்தான் பழகிக்கொள்ள வேண்டியிருந்தது. அவரிடமிருந்து கற்க ஏதேனும் இருக்குமா என்று கேட்க அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. அன்பு இருக்கிற இடத்திலும் இப்படிப்பட்ட குருட்டுத்தனம் இருக்கும். கத்தோலிக்கத் திருச்சபையைப் புதுப்பித்த இரண்டாம் வத்திக்கான் சங்கமும் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டமும் ஒரே பத்தாண்டில் வந்து சேர்ந்த பிறகே, உள்ளே அடக்கி வைத்திருந்த கேன்டன் பாட்டை அவர் மடத்துக்குள்ளும் வாய்விட்டுப் பாடினார்.

முதலில் லா கிராஸில் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். 1961இல் கேன்டனுக்கே, தாம் படித்த பள்ளிக்கே, ஆசிரியையாகத் திரும்பினார். சொந்த ஊரில், பெற்றோர் வீட்டுக்கு அருகில், துறவற உடையில் ஒரு கறுப்பினப் பெண் வகுப்பெடுப்பதைக் கண்டு பிள்ளைகள் அடைந்த நிமிர்வை நான் எண்ணிப் பார்க்கிறேன். பாடல்குழு அமைத்து முன்னோரின் பாடல்களைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார். அந்த ஆண்டுகள் எளிதானவை அல்ல. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கப் போனவர்கள் வேலையையும் வீட்டையும் இழந்த காலம் அது. 1966 ஜூனில் கேன்டனில் ஒரு பள்ளி வளாகத்தில் கூடாரம் அடித்துத் தங்க முயன்ற உரிமைப் பேரணியினர்மீது மாநிலக் காவலர்கள் கண்ணீர்ப்புகை வீசி அடித்து விரட்டினார்கள்.

1968இல் வாஷிங்டனிலுள்ள அமெரிக்கக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்துக்கு மேற்படிப்புக்குப் போனார். 1972இல் முனைவர் பட்டம் பெற்றார். அவர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது, புனித தாமஸ் மோர் லண்டன் கோபுரச் சிறையில் மரணத்தை எதிர்நோக்கியிருந்தபோது துன்பத்தில் ஆறுதல் பற்றி எழுதிய உரையாடல் நூல். தம்முடைய பிற்கால நோயை அறியாத இளம்வயதிலேயே அந்தப் புத்தகத்தின் நடையை வரிவரியாக ஆராய்ந்திருக்கிறார் என்பது என்னை மிகவும் நெகிழ்த்துகிறது. பிறகு லா கிராஸில் சபை நடத்திய விட்டர்போ கல்லூரியில் ஆங்கில இலக்கியம் கற்பித்தார். 1978இல் வயதான பெற்றோரைக் கவனித்துக்கொள்ள ஊர் திரும்பி, ஜாக்சன் மறைமாவட்டத்தில் பல்வேறு பண்பாட்டினரிடையே புரிதலை வளர்க்கும் பணியை ஏற்றார். கோடைகாலங்களில் நியூ ஆர்லியன்ஸின் சேவியர் பல்கலைக்கழகத்தில் கறுப்பினக் கத்தோலிக்க ஆய்வு நிறுவனத்தில் கற்பித்தார்.

1984இல் அவருக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அதே ஆண்டின் இறுதியில் தாயும் தந்தையும் அடுத்தடுத்து இறந்தார்கள். சாகும்வரை வாழ அருள்தாரும் என்பதே அப்போது அவருடைய செபம். அந்தச் செபத்தின்படியே நடந்துகொண்டார். நோய் எலும்புக்குப் பரவிய பிறகும் சக்கர நாற்காலியில் ஊர் ஊராகப் போய்க் கற்பித்தார்.

1989 ஜூன் 17 அன்று, நியூ ஜெர்சியின் சீட்டன் ஹால் பல்கலைக்கழகத்தில், அமெரிக்க ஆயர்கள், அதாவது மறைமாவட்டங்களை நடத்தும் பிஷப்புகள், கூடிய மாநாட்டில் பேச அழைக்கப்பட்டார். அந்த உரையின் ஒளிப்பதிவை இன்றும் பலர் பகிர்கிறார்கள், கண்ணீர் வந்தது என்றும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் ஒரு மனக்குறை உண்டு. அது உருக்கத்துக்காக நிகழ்த்தப்பட்ட நிகழ்ச்சி அன்று. அனுபவமுள்ள ஓர் ஆசிரியை கடினமான மாணவர்களுக்கு நடத்திய முழுமையான பாடம். கறுப்பினத்தவராகவும் கத்தோலிக்கராகவும் இருப்பதன் பொருள் என்ன என்ற கேள்வியோடு தொடங்குகிறார். உடனே பதில் சொல்லாமல், தாயை இழந்த பிள்ளைபோல் உணர்கிறேன் என்னும் அடிமைக் காலத்துப் பாடலைப் பாடுகிறார். மாணவர்களின் கவனம் கைக்கு வந்த பிறகு வரலாற்றைச் சொல்கிறார். தம் வரலாறு, பாட்டு, நடனம், சைகை, போதனை அனைத்தையும் எடுத்துக்கொண்டு முழு மனுஷியாகத் திருச்சபைக்குள் வருவதாகவும், அவை திருச்சபைக்குத் தாம் தரும் கொடை என்றும் கூறுகிறார். அது உங்களை அச்சுறுத்தவில்லையே என்று சிரித்தபடி கேட்கிறார். கேட்பவர்கள் கலகலத்துச் சிரிக்கும்போதே, திருச்சபைக்குள் தம் மக்கள் இன்னும் கையைப் பிடித்து நடத்தப்பட வேண்டிய சிறுபிள்ளைகளாகவே பார்க்கப்படுவதைக் கூசாமல் சொல்கிறார். எங்கள் பிள்ளைகளை நாங்களே கற்பிக்க உதவுங்கள் என்று கத்தோலிக்கப் பள்ளிகளுக்காக வாதாடுகிறார். உணர்ச்சிப் பேச்சாளர் என்று அவரைச் சுருக்குகிறவர்கள் இந்தப் பகுதியைக் கவனிப்பதில்லை.

முடிவில் ஆயர்களை எழுந்து நிற்கச் சொல்லி, கைகளைக் குறுக்காகக் கோத்துக்கொள்ளச் சொல்கிறார். அவர்கள் இடைவெளி விட்டு நிற்கிறார்கள். நெருங்கி வந்தால்தான் முடியும் என்று திருத்துகிறார். குண்டும் கண்ணீர்ப்புகையும் நாய்களும் குதிரைகளும் வரும்போது சகோதரர்கள் ஒருவரையொருவர் இழந்துவிடாதபடி அந்நாளில் இப்படித்தான் இறுக்கி நின்றோம் என்று விளக்குகிறார். அந்தப் பேரணிகளில் குருக்களையும் ஆயர்களையும் எங்கே நிறுத்துவார்கள் தெரியுமா, முன்வரிசையில் என்று நினைவூட்டுகிறார். பிறகே பாட்டு. செய்துகாட்டச் சொல்லிக் கற்பிப்பதும், தவறாகச் செய்தால் அன்போடு திருத்தி மறுபடி செய்யவைப்பதும் வகுப்பறையில் வந்த பழக்கம். கேன்டனில் சிறுபிள்ளைகளிடம் இருந்த அதே பொறுமையும் அதே கண்டிப்பும் ஆயர்களிடமும் இருந்தன. துறவியாக அவர் கொடுத்த கீழ்ப்படிதல் வார்த்தைப்பாட்டின் (வாக்குறுதியின்) உள்ளடக்கம் அதுவே என்று நான் கருதுகிறேன். திருச்சபையை விட்டு விலகாமலும், அதன்முன் வாய்மூடி நில்லாமலும், அதற்குக் கற்பிக்கத் தமக்குக் கடமை உண்டு என்று அவர் நம்பினார். சாதிவாரியாகப் பிரிந்த கல்லறைத் தோட்டங்களை இன்றும் பார்த்துக்கொண்டிருக்கும் தமிழ்க் கத்தோலிக்கர்களான நாம் அந்த உரையை அழுதுகொண்டு பார்த்துவிட்டு எழுந்துபோக உரிமை இல்லாதவர்கள்.

1990 மார்ச் 30 அன்று, 52 வயதில், கேன்டனில் தாம் வளர்ந்த வீட்டிலேயே இறந்தார். மெம்பிஸில் பெற்றோருக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டார். கல்லறையில் ‘அவள் முயன்றாள்’ என்று மட்டும் எழுதவேண்டும் என்பது அவர் விருப்பம், அப்படியே எழுதினார்கள். 2018இல் புனிதர் பட்ட நடவடிக்கை தொடங்கி, அந்த வழியின் முதல் படியான இறை ஊழியர் என்ற பெயரால் அவர் இப்போது அழைக்கப்படுகிறார். நோயைத் தாங்கிய பொறுமைக்காக மட்டும் அவரைப் பீடத்தில் ஏற்றிவிடுவார்களோ என்ற கவலை எனக்கு உண்டு. கற்பித்த ஆண்டுகள் அந்த வழக்கின் நடுவில் இருக்க வேண்டும் என்பதே என் வேண்டுதல்.

அவரோடு சேர்த்து, புனிதர் பட்டத்துக்கான வழியில் அமெரிக்கக் கறுப்பினக் கத்தோலிக்கர் சிலர் இருக்கிறார்கள். அவர்களில் மூவர் கற்பித்த அருட்சகோதரிகள். மேரி லாங்கே 1829இல் பால்டிமோரிலும், ஹென்ரியட் டெலில் 1842இல் நியூ ஆர்லியன்ஸிலும் தனிச் சபைகளைத் தொடங்கினார்கள். கறுப்பினப் பெண்களை வெள்ளையர் சபைகள் சேர்த்துக்கொள்ளாத காலம் அது. அடிமை முறை சட்டப்படி நடந்துகொண்டிருந்த மாநிலங்களில், விற்கவும் வாங்கவும் படக்கூடிய மக்களின் பிள்ளைகளுக்கு அவர்கள் கற்பித்தார்கள். தியாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்த இருவரின் பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.