அந்தக் குடும்பம் மேல்முறையீடு செய்வதில் உங்களுக்கு என்ன வலிக்கிறது?

பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பம் அது. குற்றம் சாட்டப்பட்டவரை நீதிமன்றம் விடுவித்துவிட்டது. அந்தத் தீர்ப்பு வந்ததிலிருந்து பார்க்கிறேன். "அரசே மேல்முறையீடு செய்யாமல் விட்டுவிட்டது, இவர்கள் எதற்கு உயர் நீதிமன்றம் போகிறார்கள்?" என்று எத்தனை பேர் எழுதிவிட்டீர்கள்! உரிமை இருக்கிறது, போகிறார்கள்.

2009 டிசம்பர் 31 முதல் இருக்கிற உரிமை. அன்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 372-ஆவது பிரிவு. அதற்குப் பதிலாக வந்த இன்றைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 413. தண்டிக்கப்பட்டவர் எந்த நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்வாரோ, விடுதலையை எதிர்த்துப் பாதிக்கப்பட்டவரும் அங்கே போகலாம். நடுவர் (மாஜிஸ்திரேட்) விடுவித்தால் அமர்வு (செஷன்ஸ்) நீதிமன்றம், அமர்வு நீதிமன்றம் விடுவித்தால் உயர் நீதிமன்றம். இறந்தவரின் சட்டப்படியான வாரிசும் பாதிக்கப்பட்டவர்தான். அரசின் தயவு தேவையில்லை. நீதிமன்றத்தின் முன்அனுமதிகூட வேண்டாம் என்று 2018-இல் மல்லிகார்ஜுன் கோடகலி வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

என் சித்தப்பா லாரி மோதி இறந்தார். நடுவர் நீதிமன்றம் ஓட்டுநரை விடுவித்தது. விசாரிக்கப் போன சித்தியிடம், "மேலே போவதா வேண்டாமா என்று அரசு முடிவு செய்யும், நீங்கள் வீட்டுக்குப் போங்கள்" என்றார்கள். அவரும் வந்துவிட்டார். அமர்வு நீதிமன்றத்துக்கு அவரே போயிருக்கலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. கெடு முடிந்த பிறகுதான் தெரிந்தது. இன்றும் அதை நினைத்தால் தூக்கம் வருவதில்லை.

"விடுதலையானவரை எத்தனை காலம் இழுத்தடிப்பது?" என்கிறீர்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் சாட்சியங்களை இரண்டு விதமாகப் பார்க்க இடமிருந்தால் மேல்முறையீட்டு நீதிமன்றம் விடுதலையை எளிதில் மாற்றாது. அவருக்குப் பாதுகாப்பு இருக்கிறது. "வழக்குகள் தேங்கும்" என்பதற்கெல்லாம் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. தண்டனை பெற்றவர் மேல்முறையீடு செய்யும்போது இந்தக் கவலை எங்கே போயிருந்தது?

இத்தனைக்கும் இது முழு உரிமைகூட இல்லை. விடுவித்தால் போகலாம், சிறிய குற்றமாகக் குறைத்தால் போகலாம், இழப்பீடு போதாவிட்டாலும் போகலாம். தண்டனை போதவில்லை என்றால் மட்டும் போக முடியாது. அது அரசின் வேலை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. பணம் குறைந்தால் கேட்கலாம், கொன்றவனுக்குத் தண்டனை குறைந்தால் கேட்கக் கூடாது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் இதை எப்படித் தாங்குவார்கள்? இதைத் திருத்தச் சொல்லி எழுதுங்கள், நானும் உங்களோடு வருகிறேன். இருக்கிற உரிமையையும் விட்டுவிடச் சொல்லி அந்தத் தாயிடம் போய் நிற்காதீர்கள்.