செப்டிக் டேங்குக்கு முன்னால் ஒரு சோதனைக் குழி

போன மாதம் மதுரைக்குப் பக்கத்தில் ஒரு மலையடிவாரத்துக்குப் போயிருந்தேன். சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்காகக் கழிப்பறையும் வண்டி நிறுத்துமிடமும் கட்ட ஜேசிபி இறங்கியிருந்தது. குழியோரம் குவித்திருந்த மண்ணில் பழங்காலப் பானை ஓடுகள். ஒன்றை எடுத்துத் துடைத்தேன். உள்பக்கம் கறுப்பு, வெளிப்பக்கம் சிவப்பு, விரலால் தடவினால் இன்னும் வழவழப்பு. "இந்தப் பக்கம் எங்கே தோண்டினாலும் இது வரும்ணே" என்றார் ஓட்டுநர். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. தோண்டச் சொன்னவர்கள் முன்னதாகத் தொல்லியல் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினார்களா என்று விசாரித்தேன். இல்லை.

கழிப்பறை வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன். இந்த மாதிரி இடங்களில் பெண்களும் வயசானவர்களும் படுகிற பாடு தெரியும். கட்டட்டும். கட்டுவதற்கு முன்னால் அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கட்டட்டும்.

கீழடியில் கி.மு. 580 என்று காலம் சொன்ன கரித்துண்டு 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்தது, ஏறக்குறைய பதினொன்றரை அடி. செப்டிக் டேங்குக்கே எட்டு, பத்து அடி தோண்டுகிறோம். கீழடிக் கரி ஜேசிபி வாளியில் வந்திருந்தால் வெறும் அடுப்புக்கரிதான். எந்த மண்ணடுக்கில், எதோடு சேர்ந்து கிடந்தது என்பது தெரிந்ததால்தான் அதை வைத்து ஒரு ஊரின் காலத்தைச் சொல்ல முடிந்தது. அடுக்கு ஒருமுறை கலைந்தால் கலைந்ததுதான். அப்புறம் எந்த ஆய்வகத்துக்கு அனுப்பியும் பயனில்லை.

மத்திய அரசு பாதுகாக்கும் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அதைத் தாண்டி 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. சரி, பட்டியலில் ஏறாத இடத்துக்கு? கீழடியே சில வருடங்களுக்கு முன்பு வரை நமக்குத் தென்னந்தோப்புதானே.

கடற்கரைக்கும் இதே கதைதான். வைகை கடலைச் சேரும் பக்கம் இருக்கிறது அழகன்குளம், ரோமானியக் காசுகள் கிடைத்த ஊர். அந்தக் கரையில் நாளைக்குப் பூங்கா, உடை மாற்றும் அறை என்று வேலை தொடங்கினால் முதலில் மணல்மேட்டைத்தான் சமப்படுத்துவார்கள்.

நான் கேட்பது பெரிய அகழாய்வு இல்லை. இடத்தை நடந்து பார்த்து, ஓடுகள் எங்கே அதிகம் என்று குறித்து, இரண்டு மூன்று சோதனைக் குழி போட்டால் போதும். ஏதாவது வந்தால் கட்டடத்தை நாற்பது அடி தள்ளி வைக்கலாமே! பேவர் பிளாக்குக்கும் பெயர்ப்பலகைக்கும் எஸ்டிமேட்டில் தனி வரி போடுகிறார்கள். இதற்கும் ஒரு வரி போடட்டும்.

அந்த மலையடியில் டேங்க் வேலை முடிந்துவிட்டது. வண்டி நிறுத்துமிடத்துக்கு இன்னும் தோண்டவில்லை. அடுத்த கிராமசபையில் மனு கொடுக்கப்போகிறேன். சுற்றுவட்டார ஊர்க்காரர்கள் கையெழுத்துப் போட வாங்க.