குரல் பிறவியிலேயே வரணுமா?

ஞாயிற்றுக்கிழமை நடந்த கர்நாடகப் பாட்டுப் போட்டி வீடியோவைப் பலர் பார்த்திருப்பீர்கள், முழுக் கதையைத் திரும்பச் சொல்லவில்லை. ஒரு சின்னப் பெண் பாடி முடித்தாள். "குரல் பிறவியிலேயே அமையணும்மா. உனக்கு ஞானம் இருக்கு, பேசாம வீணை கத்துக்கோ" என்று நடுவர் சொன்னதும் அந்தப் பெண் தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனாள். அன்றிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை.

குரல் சாதகத்தால், அதாவது விடாமல் செய்யும் பயிற்சியால், மாறும். இந்தப் பதிவில் நான் சொல்ல வந்தது அது ஒன்றுதான்.

சத்தத்தை நிறுத்திவிட்டு அந்த வீடியோவை இன்னொரு தடவை பாருங்கள். மேல் ஷட்ஜத்துக்கு (மேல் "ஸ") போகும்போதெல்லாம் தோள் இரண்டும் ஏறுகிறது. மோவாய் மேலே தூக்குகிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது. வாய் ஒரு விரல் அகலம்கூடத் திறக்கவில்லை. தாடையை இப்படி இறுக்கிக்கொண்டு, மூச்சை மார்போடு நிறுத்திக்கொண்டு யார் பாடினாலும் தகரத்தைத் தட்டுவது போலத்தான் கேட்கும். இதில் பிறவி எங்கே வந்தது? அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

அதைவிடப் பெரிய கொடுமை சுருதி, அதாவது பாட்டுக்கு ஆதாரமாக வைக்கும் "ஸ" எவ்வளவு உயரம் என்பது. அதைக் கட்டைக் கணக்கில் சொல்வோம், கட்டை கூடினால் சுருதி ஏறும். அவளுக்கு ஆறு கட்டை வைத்திருக்கிறார்கள். மந்திர பஞ்சமத்திலிருந்து (கீழ் ஸ்தாயி, அதாவது கீழ்ச் சுர வரிசையின் "ப") தார பஞ்சமம் (மேல் ஸ்தாயியின் "ப") வரை சிரமமில்லாமல் போய்வர முடிகிற சுருதிதான் ஒருவருக்கு உரிய சுருதி. அவள் கீழ் ஸ்தாயியில் தைவதத்துக்கு ("த") கீழே இறங்கும்போதே நன்றாகக் கேட்கிறது, மேலே போனால்தான் கத்துகிறாள். அரைக் கட்டை, ஒரு கட்டை இறக்கியிருந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்திருக்கும். இதைச் சொல்ல ஒரு நிமிஷம் ஆகுமா?

என்னிடம் பாட்டு கற்க வந்த ஒரு பெண்ணை, "மூக்கால் பாடுகிறாள்" என்று வேறு இடங்களில் திருப்பி அனுப்பியிருந்தார்கள். "ஆ" என்று நீட்டச் சொல்லிவிட்டு, பாதியில் மூக்கைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். சத்தம் சட்டென்று அடைத்தது. மூக்கு வழியாகக் காற்று கசிந்தால்தான் "ஆ" அப்படி அடைக்கும். மூக்கைப் பிடித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி கேட்கும்வரை மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசைதான் (ஆரம்பப் பாடம்), அதுவும் "ஆ" என்றே நீட்டி, முதல் காலத்தில், மெதுவாக மட்டும். கீர்த்தனையே கிடையாது. "பணம் கட்டி சரளி வரிசையா?" என்று அவள் அம்மாவுக்கு என்மேல் பயங்கரக் கோபம். அடுத்த கொலுவில் அவள் பாடியபோது அதே அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, யார் பாடுவது என்று கேட்டார். எனக்கு வேறு சான்று எதற்கு?

"அப்படியானால் எல்லோரும் எம்.எஸ். சுப்புலட்சுமி ஆகிவிடலாமா?" என்று கேட்பீர்கள். அப்படி நான் சொன்னேனா? குரல்நாணின் நீளம், தொண்டை, வாயின் அமைப்பு எல்லாம் பிறவியில் வருவதுதான், சரி. ஆனால் அதை எப்படிக் கையாளுவது என்பது பிறவியில் வருவதில்லை.

"அந்த நடுவர் அனுபவம் என்ன, உன் அனுபவம் என்ன?" இதையும் கேட்டுவிட்டார்கள், உள்பெட்டியில், மரியாதை இல்லாமல். அனுபவத்தைப் பற்றியே பேசலாம். கர்நாடக இசை மேதை செம்மங்குடி சீனிவாச ஐயர் குரல் கரகரத்த குரல். இளம் வயதில் அவரையும் வயலினுக்குப் போகச் சொன்னார்கள் என்று சொல்வார்கள். அவர் போகவில்லை, உட்கார்ந்து சாதகம் செய்தார். 1947-ல் சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது பெற்றார். அன்றைக்கு அந்தப் பேச்சைக் கேட்டிருந்தால் நமக்குச் செம்மங்குடியே இல்லை. இந்தக் கதை நடுவருக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்தும் ஒரு குழந்தையிடம் அதே வார்த்தையைச் சொல்ல எப்படி மனசு வந்தது?

குரல் பயிற்சி என்பது மேல்நாட்டு விஷயம் என்கிறார்கள். விடியற்காலை மந்திர ஸ்தாயி (கீழ் ஸ்தாயி) சாதகம் எந்த நாட்டு விஷயம்? "ஆ" என்று நீட்டிப் பாடும் அகார சாதகம்? நம்மிடம் இருந்ததை நாம்தான் விட்டோம். அலங்காரம் என்ற அடிப்படைப் பாடம் முடிவதற்குள் மேடை, அதற்குப் பின் வரும் வர்ணம் நிற்பதற்குள் போட்டி. எத்தனை கீர்த்தனை பாடமாயிற்று என்று கேட்கிற பெற்றோர், மூச்சு எங்கே நிற்கிறது என்று கேட்பதே இல்லை.

அப்புறம், கற்பூரவள்ளியும் பனங்கற்கண்டுப் பாலும் கொடுக்கச் சொல்லி எழுதியவர்களுக்கு: தொண்டைக்கு இதமாக இருக்கும், கொடுங்கள். ஆனால் விழுங்குவது எதுவும் குரல்நாணைத் தொடாது. அது மூச்சுக்குழாயின் வாசலில் இருக்கிறது. தப்பான சுருதியில் கத்திப் பாடுவதை எந்தக் கஷாயமும் சரிசெய்யாது.

இன்னொன்றும் சொல்லியே ஆகவேண்டும். அந்த வீடியோவின் கீழே "ஆம்பளைக் குரல்" என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கும் சின்ன வயதில் இதைச் சொன்னார்கள். கல்யாண வீட்டில், ஊரே கேட்க. பெண் என்றால் கீச்சுக் குரலில்தான் பாடவேண்டும் என்று யார் எழுதி வைத்தது? கர்நாடக இசைப் பாடகி டி.கே. பட்டம்மாள் கனத்த, ஆழ்ந்த குரலில்தான் பாடினார். கச்சேரியின் கடினமான அங்கம், பெண்கள் தொடத் தயங்கிய ராகம் தானம் பல்லவியை அந்தக் குரலில்தான் மேடையில் பாடினார். 1970-ல் சங்கீத கலாநிதி பெற்றார். அந்தக் குரலை ஏற்றுக்கொண்ட ஊருக்கு இன்றைக்கு என்ன வந்தது? இந்தப் பெண்களை ஆறு கட்டைக்குத் துரத்துவதே இந்தப் பேச்சுதான். பயந்துபோய் ஏற்றி வைத்துக்கொள்கிறார்கள், கத்துகிறார்கள், தொண்டை கட்டிக்கொள்கிறது, அப்புறம் குரல் சரியில்லை என்று அவர்களையே வெளியே அனுப்புகிறோம்.

அந்தப் பெண்ணின் வீட்டாரைத் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் சொல்லுங்கள். வீணை ஆசையாக இருந்தால் தாராளமாகக் கற்கட்டும், ஆனால் பாட்டை நிறுத்த வேண்டாம். ஐந்து கட்டையில் வைத்துப் பாடிப் பார்க்கட்டும். கரகரப்பு இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடட்டும். என்னிடம் வந்தால் சொல்லிக் கொடுக்கிறேன், கட்டணம் வேண்டாம்.