ஊட்டியிலும் புட்டிங் கெட்டியாகும்

ஊட்டி உயரத்தில் கார்ன்ஃப்ளார் வெனிலா புட்டிங் கெட்டியாகாது, சைனா கிராஸ் (கெட்டியாக்கும் கடல்பாசி) போட்டே ஆகணும் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். தண்ணீர் இங்கே (2,240 மீட்டர்) 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவது உண்மைதான். ஆனால் கார்ன்ஃப்ளார் 70 டிகிரி வாக்கிலேயே கெட்டிப்படத் தொடங்கிவிடும். வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்துக் கிண்டினால்தான், முழுசாகக் கெட்டியாக இங்கே சூடு போதாது. நேரே அடுப்பில் வையுங்கள்.

நீங்களே செய்து பார்க்கலாம். மூன்று மேசைக்கரண்டி மாவை ஆறின பாலில் கரைத்து, சூடான அரை லிட்டர் பாலில் ஊற்றுங்கள். சிறுதீயில் 'ப்ளக் ப்ளக்' என்று கொப்புளம் வெடித்த பிறகும் இரண்டு நிமிடம் கைவிடாமல் கிண்டணும் (பலர் அவசரப்பட்டு முன்னாலேயே இறக்கிவிடுகிறார்கள்). கரண்டியின் முதுகில் விரலால் கோடு இழுங்கள், மூடாமல் அப்படியே நிற்கும். எசன்ஸ் இறக்கிய அப்புறம்தான்.